நாலு எண்ணுக்காக நின்ற சுவர்

அத்தியாயம் 17

தாலி கட்டுகிற நேரத்தில் புயல் வந்துவிட்டது. போன வாரம் நடந்த ரகளைக்கு அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் போகிறவர்களுக்கு வீண் அலைச்சல்.

மானாம்பதி வீட்டின் பின்கட்டில், அடுப்பில் பால் வைத்ததையே மறந்து ஜெயப்பிரியா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சீரியலில் வந்த அந்தக் கல்யாணத்துக்காக அவள் பதினொரு மாதம் காத்திருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து முன்கட்டிலிருந்து அவளுடைய மூத்தார், புருஷனின் அண்ணன் முத்துவேல், "கோயிந்தம்மா, நூஸ் வை. பொயலு எங்க கீதுன்னு பாக்கணும்" என்று குரல் கொடுத்தார். நடு அறையில் இருந்த அவர் தங்கை கோவிந்தம்மாள் ரிமோட்டை அமுக்கினாள். மாப்பிள்ளை போய்விட்டான். அவன் நின்ற இடத்தில் வங்காள விரிகுடா வந்து நின்றது.

புயல் மானாம்பதிப் பக்கம் வரவே இல்லை. பின்கட்டில்தான் கரையைக் கடந்தது.

தாலி கட்டினானா இல்லையா என்பது ஜெயப்பிரியாவுக்கு ஒரு வாரமாகத் தெரியவில்லை. போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு மானாம்பதியின் டவரைத் தெரியாது. மழை பெய்தால் ஊரில் முதலில் நனைந்து ஜுரம் காண்பது அதுதான். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாளிடம் கேட்கலாம். ஆனால் சிட்டம்மாள் முன்கட்டுக்காரி சுலோச்சனாவின் சிநேகிதி. சுலோச்சனாவும் ஜெயப்பிரியாவும் ஓரகத்திகள். ஆடி மாதத்திலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

அந்த வீட்டில் ஒரு டிஷ், ஒரு செட்டாப் பாக்ஸ், மூன்று டிவி.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் உலை பிரித்தபோது அண்டா குண்டானைப் பிரித்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் ஆளுக்கொன்றாகப் போயின. துணி துவைக்கிற கல்லைக்கூட நடுவில் உளி வைத்துப் பிளந்துகொண்டார்கள். செட்டாப் பாக்ஸைப் பிளக்க முடியவில்லை. ஆகவே அது நடு அறையிலேயே கோவிந்தம்மாளோடு தங்கிவிட்டது. பெட்டியின் பின்னால் கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்ப்ளிட்டர். அதிலிருந்து ஓர் ஒயர் முன்கட்டுக்கு, ஓர் ஒயர் பின்கட்டுக்கு. பெட்டி எதைக் காட்டுகிறதோ அதைத்தான் மூன்று டிவியும் காட்டும். பெட்டிக்கு ஒரே ரிமோட். அது கோவிந்தம்மாளின் தலையணைக்கு அடியில் இருந்தது.

கோவிந்தம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்பது வருடத்துக்கு முன், புருஷன் வீடான தாமலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு போனுமாக வந்தவள். பகல் சாப்பாடு முன்கட்டில், ராத்திரிச் சாப்பாடு பின்கட்டில். அவள் அறைக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் கதவு.

ரிமோட் என்றால் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. முன்கட்டுப் பசு ஆறு மணித் தொடரின் தொடக்க இசையைக் கேட்டால்தான் மடி இறக்கும். அந்தத் தொடர் முடிந்த வாரம் மூன்று நாள் சொட்டுப் பால் இல்லை. உத்திரமேரூரிலிருந்து வந்த மாட்டு டாக்டர் பசுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேற சீரியல் வச்சிப் பாருங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கோவிந்தம்மாள் இரண்டு மூன்றை மாற்றிப் பார்த்தாள். மாமியார் இல்லாத தொடராக ஒன்று வாய்த்ததும் பசு அரை லிட்டர் கூடுதலாகவே கறந்தது.

போன வருடம் புரட்டாசியில் வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். கோவிந்தம்மாள் குறுக்கே விழுந்து தடுக்கவில்லை. பாராளுமன்றக் கூட்டத்தை வைத்துவிட்டு ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று நாள், மூன்று டிவியிலும் அதுதான். நாலாம் நாள் விடியற்காலையில் இரண்டு பேரும் அதே வரப்பில் நின்று ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.

ஆனால் தாலிக்கும் புயலுக்கும் அப்புறம் அவள் பாராளுமன்றத்தையே வைத்தும் பலிக்கவில்லை. வியாழக்கிழமை கொத்தனார் கன்னியப்பன் வந்து, தெருக் கதவிலிருந்து முற்றத்தின் குறுக்கே ஆளுயரக் கம்பு நட்டு நீல நைலான் கயிறு கட்டினார். வீட்டை இரண்டாக்குகிற சுவர் அதன் மேல்தான் எழும்பும். கயிறு நடு அறையின் வாசற்படிவரை வந்தது. கன்னியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். "உள்ள ஆளு கீதே" என்று சொல்லி, மிச்சக் கயிற்றைச் சுருட்டிப் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டது.

பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு தம்பி தினகரன் வந்தான். கையில் தட்டு, தட்டில் நாலு பூரி. கோவிந்தம்மாள் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். காலை நாஷ்டாவை அவளே பொங்கிக்கொள்வதுதான் வழக்கம்.

"துன்னுக்கா, சூடு ஆறிடப் போவுது."

"இன்னாடா விஷயம்?"

"விஷயம் இன்னா கீது. ஒன்னிய ரொம்ப பேஜார் பண்ணிட்டோம். இனிமே யாருக்கோசரமும் நீ ரிமோட்ட புட்ச்சிக்கினு குந்தினு கெடக்க வாணாம். எனுக்குத் தனியா பெட்டி சொல்லிட்டேன். உத்திரமேரூர் தானியேல் வந்து மாட்டிக் குட்த்துடுவான். அண்ணன்கிட்ட இப்ப சொல்லிக்காத."

பூரி பாதி உள்ளே போவதற்குள் முன்கட்டுக் கதவு திறந்தது. தினகரன் சத்தமில்லாமல் நழுவிவிட்டான். முத்துவேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அதைக் கட்டில்மேல் வைத்தார்.

"கோயிந்தம்மா, எனுக்குன்னு தனியா ஒரு பெட்டி போட்டுக்கலாம்னு கீறேன். நேத்தே போன் பண்ணிட்டேன். தம்பி பொண்டாட்டி மூஞ்சி பாக்க சகிக்கல. ஒனுக்கும் நிம்மதி. அவன்கிட்ட சொல்லாத."

"சொல்லல."

அவர் போன பிறகு கோவிந்தம்மாள் மிச்சப் பூரியைத் தின்று முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள்.

நிம்மதி என்று இரண்டு பேரும் சொன்னார்கள். இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முன்கட்டுக்கு ஒரு பெட்டி, பின்கட்டுக்கு ஒரு பெட்டி வந்துவிட்டால், நடு அறையால் யாருக்கும் ஒரு காரியமும் இல்லை. கன்னியப்பன் சுருட்டி வைத்த கயிறு படியேறி உள்ளே வரும். அவள் கட்டில் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கயிறு அதன்மேல்தான் போகவேண்டும். தலை ஒரு வீட்டில், கால் ஒரு வீட்டில் என்று படுக்க முடியாது. ஏதாவது ஒரு பக்கம் அவளைத் தள்ளித்தான் ஆகவேண்டும். எந்தப் பக்கம் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்குத் தானியேல் பைக்கில் வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். தோளில் ஒயர்ச் சுருள், பின்சீட்டில் இரண்டு அட்டைப் பெட்டிகள். இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் போன் பண்ணீங்க," என்றான் தானியேல். "ஒரே வூட்லருந்து ஒரே நாள்ல ரெண்டு போனு. பரவால்ல, ஒத்துமையா கீறாங்கன்னு நெனச்சிக்கினேன்."

எல்லாரும் மாடிக்குப் போனார்கள். கோவிந்தம்மாளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

டிஷ் மாடியின் மூலையில் சிமெண்டில் நட்டிருந்தது. நைனா, அதாவது அவர்களின் அப்பா, செத்துப்போவதற்கு முந்தின வருடம் நட்டது. அதன்மேல் காக்கை உட்கார்ந்தால் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மீசை முளைக்கும். மற்றபடி குறை சொல்ல முடியாத டிஷ்.

"தானியேலு, எனுக்குத் தனி டிஷ்ஷே போட்டுடு," என்றான் தினகரன். "இவுங்களுது எனுக்கு வாணாம்."

தானியேல் நாலு மூலையிலும் நின்று வானத்தைப் பார்த்தான். ஒரு பக்கம் சிட்டம்மாள் வீட்டுத் தென்னை. ஒரு பக்கம் புதிதாக எழும்பிய மச்சு. இன்னொரு பக்கம் தண்ணீர்த் தொட்டி.

"எடமில்லண்ணே. ஆகாசம் தெரியிற எடம் இந்த மாடியில இது ஒண்ணுதான். மூக்க மட்டும் மாத்துறேன்." டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குமிழைத் தட்டினான். "இதுல ஒரு ஒயருதான் வரும். புதுசுல நாலு வரும். ஆளுக்கு ஒரு ஒயரு, ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு படம். ஒருத்தர் மாத்துனா இன்னொருத்தருக்கு மாறாது."

"அது போதும்," என்றார் முத்துவேல்.

"ஆனா ஒரே டிஷ்ஷுன்றதால பளைய கணக்குலதான் புதுப் பெட்டிய ஏத்தணும். அது யாரு பேர்ல கீது?"

"என் பேர்லதான் இருக்கும். மூத்தவன்."

"மாசா மாசம் ரீசார்ஜ் பண்றது நான்," என்றான் தினகரன்.

கீழே நடு அறைக்கு வந்தார்கள். தானியேல் தரையில் சம்மணம் போட்டு, பழைய பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த எண்ணைத் தன் போனில் அடித்தான். போன் யோசித்தது. பிறகு அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தான்.

"கணக்கு உரிமையாளர் பெயர், கோவிந்தம்மாள்."

அண்ணனும் தம்பியும் குனிந்து அவன் போனை எட்டிப் பார்த்தார்கள்.

கோவிந்தம்மாளுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. தாமலிலிருந்து வந்த மூன்றாம் மாதம். அண்ணனும் தம்பியும் நடவுக்குப் போயிருந்தார்கள். டிஷ் மாட்ட வந்த ஆள் ஒரு போன் நம்பர் கேட்டான். நைனா அவளைக் கை காட்டி, "இவளுத எய்திக்க. இவ போனுதான் எப்பவும் வூட்ல கெடக்கும்" என்றார். எழுதிக்கொண்டான். அத்தோடு எல்லாரும் மறந்துபோனார்கள்.

"இப்ப அந்த நம்பருக்கு ஓடிபி வரும்மா," என்றான் தானியேல். "நாலு எண்ணு. அத்த நீங்க சொன்னாதான் புதுப் பெட்டி ஏறும்."

"சொல்லலன்னா?"

"ஏறாதும்மா. மூணு நிமிசந்தான் இருக்கும், அப்பால செல்லாது. ஒரு நாளைக்கு மூணு வாட்டிதான் அனுப்பும். அதுக்கப்பறம் நாளைக்குத்தான்."

அவள் மடியில் இருந்த போன் சிணுங்கியது. வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். கோவிந்தம்மாள் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். எண்ணைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஆளுக்கு ஒரு பெட்டி வந்துட்டா, இந்த ரூமு எதுக்கு?"

"மொதல்ல நம்பரச் சொல்லுக்கா, அத்த அப்பால பேசலாம்."

"அப்பால நம்பரு இருக்காதுன்றானே. இப்பவே பேசு."

பின்கட்டுக் கதவிடுக்கில் ஜெயப்பிரியாவின் முகம் தெரிந்தது. "அண்ணி, சொல்லிடுங்க. ஒரு மணிக்கி அந்தக் கல்யாணத்த திருப்பிப் போடுறாங்க. அதுக்குள்ள பெட்டி மாட்டிட்டா நான் பாட்டுக்குப் பாத்துக்குவேன்."

முன்கட்டுக் கதவிடுக்கில் சுலோச்சனாவின் முகமும் தெரிந்தது. அவள் தன் புருஷனைப் பார்த்து, "யாருக்கு அவசரமோ அவுங்க வேற ஊருக்குப் போயி பாத்துக்கட்டும்" என்றாள்.

இதற்குப் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கும் பதில் போனது. எல்லாம் புருஷன்மார்கள் வழியாகவே போய் வந்ததால் இரட்டிப்பு நேரம் பிடித்தது.

"டைம் ஆயிடுச்சும்மா," என்றான் தானியேல்.

இரண்டாவது முறை சிணுங்கியபோது கோவிந்தம்மாள் கண்ணாடியையே எடுக்கவில்லை.

"கன்னியப்பன் கயிறு உள்ள வந்தா, எங்கட்டிலு எந்தப் பக்கம்?"

தினகரன் தரையைப் பார்த்தான். "நீ அண்ணன் பக்கந்தான் இருப்பன்னு நெனச்சிக்கினேன்க்கா. மூத்தவரு. ஒனுக்கும் அதான் மரியாதையா இருக்கும்."

"நான் ஒம்பக்கம்னுல்லடா நெனச்சேன்," என்றார் முத்துவேல். "ஒன்ன இடுப்புல வச்சி வளத்தது அவ."

"அதுக்கோசரம்? ஒங்க வூட்ல ஒரு ரூமு சும்மா கீது. ஒங்க புள்ள கார்த்திக் வேலைக்குப் போயி ரெண்டு வருசம் ஆவுது."

"நாளைக்கு அவனுக்குக் கல்யாணம் காச்சின்னு வந்தா? ஒன் வூட்லதான் காத்து நல்லா வருது. அவளுக்கு மூச்சு வாங்குது."

"ஒங்க வூட்லதான் ஆஸ்பத்திரி போறதுக்கு பைக்கு கீது."

பந்தியில் மிஞ்சிப்போன கடைசி வடையை இரண்டு பேர் 'நீங்க எடுத்துக்குங்க, நீங்க எடுத்துக்குங்க' என்று தள்ளிவிடுகிற மாதிரி, ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசுகிற பேச்சு. வடை கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

தானியேல் தலையைத் தூக்கி உத்தரத்தை எண்ணினான். அவன் அடுத்த வீட்டு விஷயங்களைக் கேட்கிற வேலையில் பழகினவன். எந்த வீட்டிலும் ஒயர் இழுக்கும்போது கட்டில் நகரும், பீரோ நகரும், பின்னால் இருப்பதெல்லாம் வெளியே வரும். இருந்தாலும் இங்கே கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"ரெண்டாவதும் போச்சும்மா. இது கடைசி. அனுப்பட்டுமா?"

"இரு," என்றாள் கோவிந்தம்மாள். "என் பேருக்கு முன்னாடி இன்னாவோ சொன்னியே."

"எதும்மா?"

"படிச்சியே, போன்ல."

"கணக்கு உரிமையாளர்."

"அப்பிடின்னா?"

"ஒங்குளுதுன்னு அர்த்தம்மா. நீங்க சரின்னாதான் நாங்க ஏத்துவோம். நீங்க சரின்னாதான் எறக்குவோம். வேற யாரு வந்து சொன்னாலும் செல்லாது."

அந்தச் சொல்லை அவள் கேள்விப்படாதவள் இல்லை. பத்திரத்தில் வரும். ரேஷன் கடைச் சுவரில் இருக்கும். அது ஒரு தடவைகூடத் தன் பெயரோடு வந்து நின்றதில்லை. தாமலில் அவள் இன்னாரின் சம்சாரம். மானாம்பதியில் இன்னாரின் தங்கை, இன்னாரின் அக்கா. ஒன்பது வருடமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்த ரிமோட்டையும் யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளாகத்தான் நினைத்திருந்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் கேட்கும்; கேட்ட குரலுக்கு அமுக்குவாள். தனக்கு எந்தச் சேனல் பிடிக்கும் என்பதையே அவள் யோசித்துப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அனுப்பு."

போன் சிணுங்கியது. அவள் அதைக் கட்டிலில் குப்புற வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"எனுக்கு இந்த ரூமு வோணும்."

"இருந்துக்க. யாரு வாணான்னது?" என்றார் முத்துவேல்.

"அப்பிடி இல்லண்ணா. ரெண்டு கதவோட, எம் பேர்ல எய்தி வோணும். சுவரு இந்தப் பக்கம் வந்து நிக்கட்டும், அந்தப் பக்கம் போயி கிளம்பட்டும். உள்ள வர வாணாம்."

முத்துவேலின் முகம் மாறியது. "ஒனுக்கு யாரு சொல்லிக் குட்த்தது இது?"

"தோ, தானியேல்தான். இப்பத்தான் சொன்னான்."

"யம்மா, நான் செட்டாப் பாக்சுக்குச் சொன்னேன்," என்றான் தானியேல் அவசரமாக.

"நைனா வூடு இது," என்றாள் கோவிந்தம்மாள். குரல் உயரவில்லை. "நானும் அவருக்குத்தான் பொறந்தேன். தாமல்ல அவ்ளோ பெரிய ஏரி கீது. அத்தினி தண்ணி நிக்க எடம் கீற ஊர்ல எனுக்கு நிக்க எடமில்ல. வந்தேன். இங்க நீங்க ரெண்டு பேரும் எனுக்குச் சோறு போட்டீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கி என்ன நீ வச்சிக்க, நீ வச்சிக்கன்றீங்க. நான் யாருகிட்டயும் இருக்கறதுக்கு வரல. எனுக்குன்னு ஒரு கதவு வோணும், நானே தெறந்து நானே சாத்திக்கிற மாதிரி."

தினகரன் தானியேலின் ஒயர்ச் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினான். முத்துவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். அதை எடுத்து மறுபடியும் உதறினார். இரண்டு கதவிடுக்கிலும் முகங்கள் இருந்தன.

மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அளந்து பார்த்ததில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா," என்றான் தானியேல்.

"நாளைக்கும் மூணு வாட்டி அனுப்பும் இல்ல?"

"அனுப்பும்மா."

"நாளைக்கு வா."

அவன் புதுப் பெட்டிகளை எந்த வீட்டில் வைத்துவிட்டுப் போவது என்று கேட்டான். அதற்குள் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கதவு வழியாகப் போய்விட்டதால், இரண்டையும் கோவிந்தம்மாளின் டிரங்குப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மணிக்குச் சுலோச்சனா, "கோயிந்தம்மா, சாப்ட வா" என்று கூப்பிடவேண்டும். ஒன்பது வருடமாகக் கூப்பிட்டிருக்கிறாள். கோபமாக இருந்த நாட்களில்கூட, பாத்திரத்தை நங்கென்று வைத்தாவது கூப்பிட்டிருக்கிறாள். இன்று பாத்திரச் சத்தம்கூட இல்லை.

கோவிந்தம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். ரிமோட்டை எடுத்து அந்தக் கல்யாணத்தை வைத்தாள். பசி ஒரு பக்கம் இருக்கட்டும், பின்கட்டுக்காரி ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

மாப்பிள்ளை தாலியோடு நின்றான். மேளம் உச்சத்துக்குப் போனது. அவன் குனிந்தான். கட்டினான், பக்கத்தில் நின்ற தோழிக்கு.

"அடப்பாவி," என்றது பின்கட்டு.

"அடப்பாவி," என்றது முன்கட்டு.

இரண்டும் ஒரே நொடியில் வந்தன. மூன்று டிவிக்கும் ஒரே பெட்டி என்பதால் ஒரு நொடிகூட முன்னே பின்னே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் ஒரு விதமான அமைதி இருந்தது. கூச்சப்படுகிற அமைதி. கோவிந்தம்மாள் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றாள். முகத்தில் சிரிப்பு வந்ததை அவள் தடுக்கவில்லை.

நாலரை மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நைலான் கயிறு கட்டிய நாளிலிருந்து, மழை விட்ட நேரமெல்லாம் அதில்தான் இரண்டு வீட்டுத் துணியும் காய்ந்தது. சுவர் வரும்வரை கயிறு பொதுவாயிற்றே. முன்கட்டிலிருந்து சுலோச்சனா வந்தாள். பின்கட்டிலிருந்து ஜெயப்பிரியா வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, தத்தம் துணியை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு போர்வை. அதைச் சுலோச்சனா ஒரு முனையில் பிடித்தாள். ஜெயப்பிரியா மறு முனையில் பிடித்தாள். அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அப்படியே நின்றார்கள்.

பிறகு சுலோச்சனாவின் உதடு அசைந்தது.

கோவிந்தம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜெயப்பிரியாவின் உதடும் அசைந்தது. பேசுகிறார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நாலு மாதம் எத்தனையோ சேனலை மாற்றி மாற்றி வைத்து அவள் செய்யப் பார்த்த காரியம், இன்று தன்னால் நடக்கிறது. பாவி மாப்பிள்ளையைப் பற்றித்தான் இருக்கும்.

அப்போது ஜெயப்பிரியா தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் ஓட்டினாள். சுலோச்சனா போர்வையின் மறைவில் இன்னும் ஓரடி கிட்டே போனாள். "ரூமு" என்ற ஒரு சொல் மட்டும் காற்றில் வந்தது. அதற்குமேல் வரவில்லை. டிவியில் பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தது. முன்கட்டு டிவியும் பாடியது, பின்கட்டு டிவியும் பாடியது. முற்றம் முழுக்க அந்தக் குழந்தைதான்.

ஜெயப்பிரியா விரலை மடக்கி ஏதோ கணக்குச் சொன்னாள். சுலோச்சனா தலையாட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா, முடியாது என்கிற ஆட்டலா என்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை. ராத்திரி பின்கட்டில் தனக்குச் சோறு உண்டா என்பதுகூட அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது என்று கோவிந்தம்மாளுக்குப் பட்டது. நாளைக் காலை தானியேல் வருகிறபோது அந்த இரண்டு கதவிடுக்கிலும் என்ன முகத்தோடு நிற்கப் போகிறார்கள் என்பதும்.

என்ன பேசுகிறார்கள் என்று கேட்டே ஆகவேண்டும்.

ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி ரிமோட்டைத் தடவி எடுத்தாள். சத்தத்தை அடைக்கிற பொத்தானை அமுக்கினாள்.

நடு அறையில் குழந்தையின் பாட்டு நின்றது. முன்கட்டிலும் நின்றது. பின்கட்டிலும் நின்றது.

அந்தத் திடீர் அமைதியில், முற்றத்தில் நின்ற இரண்டு பெண்களும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பி, ஜன்னலைப் பார்த்தார்கள்.